வாத்தியார் செய்து காட்டிய பாடம்

மாலைக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதப்போவதாக மனைவி சொன்னதும், அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் நம்மவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாயங்காலம் இவள் கிளம்பிவிட்டால் டீ யார் போடுவது? பாத்திரம் யார் தேய்ப்பது? கைக்குழந்தையை யார் தூக்கி வைத்துக்கொள்வது? வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடியில் ஒரே ஒரு ஆள்தான் தெரிந்தார்.

வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை. மாமியார் அடுத்த தெருவில்தான் இருக்கிறார்.

"தாராளமா எழுது. பரீட்சைக்கு வேண்டிய இங்கிலீஷ் வார்த்தை எல்லாம் நானே சொல்லித்தர்றேன்," என்றார், பெரிய மனசு பண்ணி.

அவர் போட்ட கணக்கே வேறு. பல் உடைக்கும் வார்த்தையாகப் பொறுக்கிக் கொடுத்தால், ஆளை விடுங்க சாமி என்று தானே புத்தகத்தை மூடிவிடுவாள்!

"முதல் வார்த்தை, மெட்டிகுலஸ்."

"அப்படின்னா?"

"ஒரு தூசி தும்பு விடாம, பாத்துப் பாத்துச் செய்யறது."

"மண்டையில ஏறலைங்க. கண்ணால பாத்தாத்தான் எனக்கு நிக்கும். செஞ்சு காட்டுங்களேன்."

"எதை?"

"அதோ, அடிப்பிடிச்ச பால் சட்டி."

வாத்தியார் கௌரவம் விடுமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேய்த்தார்.

"ஏங்க, ஓரத்துல கறுப்பு நிக்குதே. பிழை பாக்கற கண்ணுக்கு இது தெரியலையா?"

மறுபடி தேய்த்தார். சட்டி பளபளத்தது. அவர் முகம் மட்டும் கறுத்தது.

அடுத்தது 'பேசிஃபை'. அழுகிறவரைச் சமாதானப்படுத்துவது. சொல்லி வாய் மூடவில்லை, குழந்தை வீல் என்றது. கிள்ளிவிட்டாளோ என்று அவருக்கு இன்னும் சந்தேகம். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். பாடம் நன்றாக விளங்கும்வரை நடந்தார்.

இவளை ஒரேயடியாகச் சாய்க்க வேண்டுமென்று 'சைமல்டேனியஸ்' என்று எடுத்துவிட்டார். ஒரே நேரத்தில் நடப்பது. விளைவு, அடுப்பில் டீ, தோளில் குழந்தை, கையில் துடைப்பம்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன சார், வீட்ல அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"சேச்சே, பாடம் நடக்குதும்மா."

"யாருக்கு?"

நம்மவர் துடைப்பத்தோடு உள்ளே போய்விட்டார்.

மனைவி நாற்காலியில் சாய்ந்தபடி அத்தனை வார்த்தையையும் தண்ணீர் பட்டபாடாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள். தேர்வு எழுதினாள். தேறியும்விட்டாள். மாமியார் வந்து மாப்பிள்ளையின் பெருந்தன்மையை வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார்.

கல்லூரி திறக்கும் நாள். நம்மவர் கடைசிச் சீட்டை இறக்கினார்.

"எனக்கு ரொம்பப் பெருமைதான். ஆனா சாயங்காலம் வீட்டைப் பாத்துக்க, வேலை பழகின ஆளு வேணுமே. திடீர்னு எங்கே போய்த் தேடறது?"

அவள் பையை மாட்டிக்கொண்டு, குழந்தையை அவர் தோளில் சாய்த்தாள்.

"எதுக்குங்க தேடணும்? அந்தப் பரீட்சையில நீங்க எனக்கு முன்னாடியே பாஸாயிட்டீங்களே!"