படுத்தபடி ஓட ஒரு ஹெல்மெட்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் எங்கள் ஹெல்மெட் அண்ணனைப் போல இன்னொரு கிறுக்கர் அகப்படமாட்டார். கோலா சாவா பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். எந்நேரமும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் கையுமாகத் திரிவார். மோட்டார் மட்டும் அவரிடம் கிடையாது.

ஹெல்மெட் அவர் தம்பி செல்வத்துக்காக. தோட்டத்திலேயே வேகமாக ஓடக்கூடியவன், செம்பனைக் குலை ஏற்றிய லாரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தான். சிறுநீரகமும் கெட்டுவிட்டது, அதிக நாள் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டிலாவது ஓட வேண்டும் என்று செல்வம் ஆசைப்பட்டான். மல்லாந்து கிடப்பவனுக்கு மேசைத் திரை எப்படித் தெரியும்? அண்ணன் குட்டி டிவித் திரையொன்றை ஹெல்மெட்டுக்குள் பதித்தார். தலை திரும்பினால் படமும் திரும்புவதற்காக, மவுஸின் உருண்டை ஹெல்மெட்டில் உரசும்படி அதைக் கட்டிலின் தலைமாட்டில் கட்டினார்.

கம்ப்யூட்டர், சிரம்பான் ஆபீஸ் ஒன்று கழித்துப் போட்டது. அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினார். அதை யாரும் பிரித்துத் திருத்தலாமாம். ஆலை பாய்லரையே யாரையும் கேட்காமல் பிரித்தவருக்கு அது போதாதா? மானிட்டரின் வேகம் என்ன என்று அது கேட்க, அண்ணன் குத்துமதிப்பாக ஓர் எண்ணைத் தட்டினார். அந்த வேகம் தாங்காமல் மானிட்டர் கீச்சிட்டுப் புகைந்தது. வரிசை வீடுகளிலிருந்து லயமே வாளியோடு ஓடி வந்தது.

“டெஸ்ட் பண்ணேன்லா,” என்றார், கருகிய புருவத்தோடு.

அடுத்த மானிட்டரில் சாம்பல் நிறத் திரையும் நடுவில் ஒரு பெருக்கல் குறியும் மட்டும் வந்தன. வாரக்கணக்கில் அவ்வளவுதான். அதையும் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். வாத்தியார் தப்புப் போட்ட மாதிரி இருக்கிறது என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்லிவிட்டுப் போனார். செல்வமோ நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டே போனான்.

ஒருவழியாக ஹெல்மெட்டுக்குள் படம் வந்தது. விளையாட்டிலிருந்த பேய்களையும் துப்பாக்கியையும் அண்ணன் நீக்கியிருந்தார். நீண்ட நடைபாதைகள் மட்டும். படம் விட்டு விட்டுத்தான் நகர்ந்தது.

“மெதுவாத்தான் வருதுண்ணே. பரவால்ல, நானும் ஓடி நாளாச்சுல்ல,” என்றான் செல்வம். சற்றுப் பொறுத்து, “நீயும் வாயேண்ணே. ஒத்தையா ஓட ஒரு மாதிரியா இருக்கு.”

அன்றே அண்ணன் இன்னொரு கம்ப்யூட்டர் தேடி அலைந்தார். இரண்டையும் கேபிளால் இணைத்தால் இருவரும் ஒரே நடைபாதையில் ஓடலாம். இரண்டாவது ஹெல்மெட் பாதியில் இருக்கும்போதே செல்வம் போய்விட்டான்.

கருமாதி முடிந்த மறுநாளே அவர் வீட்டில் ஈயம் உருகும் வாடை. முழுசாகக் கழன்றுவிட்டது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் பொறுக்கவில்லை. இனி யாருக்கு இதெல்லாம் என்று கேட்டேவிட்டேன்.

“அவன் கூப்புட்டான். நான் போவல,” என்றார்.

வேலை முடிந்ததும் புது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மானிட்டரில் எட்டிப் பார்த்தேன். நடைபாதையில் செல்வம் ஓட்ட வேண்டிய இன்னோர் உருவம் அசையாமல் நின்றது. அதன் எதிரே அண்ணனும் நகராமல் நின்றார்.

செல்வத்தின் கட்டிலில் படுத்து, அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். கழுத்தை ஒடிக்கும் கனம்.

“ஓடுங்கண்ணே,” என்றேன். “பின்னாலயே வர்றேன்.”