மயில்கழுத்துப் பெல்பாட்டம்

என் டிரங்குப் பெட்டியை இனி என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று அறிவித்தேன். ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்து வந்து, கறிக்குழம்பு சாப்பிடுவதற்கு முன்பே அறிவித்தேன். சாப்பிட்ட பிறகு அறிவித்தால் குரலில் கம்பீரம் இருக்காது.

"அப்படி என்னா புதையல் வச்சிருக்கீங்க அதுல?" என்றாள் என் மனைவி அமல்ராணி.

"என் பெல்பாட்டம்."

"அதான் யாரும் போடறதில்லையே இப்போ. பாத்திரக்காரன்கிட்ட போட்டா ஒரு குண்டானாவது கெடைக்கும்."

"ஃபேஷன் பஸ்ஸு மாதிரிடி. போன வண்டி திரும்பி வரும். அன்னைக்கு ஊரே என்கிட்ட வந்து கெஞ்சும்."

"வரட்டும், வரட்டும்" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டதே எனக்குப் பிடிக்கவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் சவுரிராயன். திண்டிவனம்–விழுப்புரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மீசை முளைத்த பையனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "கைக்கொழந்தைங்க" என்று சொல்லும் தாய்மார்களைத் தினமும் பார்க்கிறவன். சந்தேகம்தான் எனக்குச் சோறு போடுகிறது.

அந்தப் பெல்பாட்டமெல்லாம் நான் கல்யாணத்துக்கு முன்னால் தைத்தவை. ஒவ்வொரு பாட்டத்துக்குள்ளும் ஒரு கோழி குஞ்சுகளோடு குடும்பம் நடத்தலாம். நான் நடந்து போன தெருவை யாரும் பெருக்கவேண்டி இருந்ததில்லை. அப்பேர்ப்பட்ட சொத்துக்குத் திண்டுக்கல் பூட்டு போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். ஞாயிறுதோறும் திறந்து பார்ப்பேன். மடித்தது மடித்தபடி இருக்கும். மூடிவிடுவேன்.

அந்தச் சமயத்தில் அமல்ராணி குயிலாப்பாளையத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்வந்தாள். தங்கச்சி அருள்ராணி அங்கே வெள்ளைக்காரர்களின் தையல் கூடத்தில் வேலை செய்கிறவள். திரும்பி வந்ததிலிருந்து இவள் கண்ணில் ஒரு பளபளப்பு.

"தெரியுமாங்க? அங்க வெள்ளைக்காரங்க பழைய துணியத்தான் தேடித் தேடிப் போடறாங்க. கையால தச்சதுன்னா உசுர விடறாங்க. பழசுதான் இப்போ புதுசு."

"அப்போ நான் சொன்னது சரிதானே?"

"நீங்க சொன்னா தப்பாவா இருக்கும்?"

இதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஒருநாள் கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. மயிலம் பக்கத்துப் பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். முன்னால் ஏறிய அம்மாளின் ஜாக்கெட்டில் பஃப் கை. அந்தக் காலத்து அம்மாக்கள் போட்டது, பலூன் மாதிரி உப்பிய கை. இரண்டு வருஷமாகத்தான் திரும்பி வந்திருக்கிறது. அதில்லை விஷயம். அந்தக் கையின் துணி! காப்பி நிறத்தில் மஞ்சள் கட்டம். அதைத் தமிழ்நாட்டில் ஒரே ஒரு ஆள்தான் துணிந்து வாங்கினான். அது நான்.

உற்றுப் பார்த்தேன். கொஞ்சம் குனிந்தும் பார்த்தேன்.

"யோவ் கண்டக்டரு! டிக்கெட்ட குடுய்யா. ஜாக்கெட்ட என்னா பாக்கற?"

"இல்லம்மா, இந்தக் கை... என்னோட கால் மாதிரி இருக்குது."

பஸ் சிரித்தது. டிரைவர் சிரித்துச் சிரித்து ஒரு நிறுத்தத்தையே விட்டுவிட்டார்.

டூட்டி முடிந்ததும் வீட்டுக்கு ஓடினேன். பூட்டு அப்படியே இருந்தது. திறந்தேன். மடிப்பும் அப்படியே. ஒன்றை எடுத்து உதறினேன். முழங்காலோடு நின்றது. இன்னொன்றை உதறினேன். அதுவும் டவுசர். எல்லாமே டவுசர். பெல்லும் இல்லை, பாட்டமும் இல்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். நான் பூட்டு போட்டது முன்பக்கம். கீலின் ஆணியை உருவியிருந்தது பின்பக்கம்.

"ராணீ! இதெல்லாம் யார் வேலை?"

எட்டிப் பார்த்தாள். "ஐயோ பாவம். எலிங்க."

"எலி இவ்ளோ நேராவா கடிக்கும்?"

"மிஷன் ஸ்கூல் பக்கத்துல இருக்கோம். படிச்ச எலியா இருக்கும்."

"ஆணிய உருவுற எலியா?"

"அதான் சொன்னேனே, படிச்சதுன்னு."

பக்கத்து வீட்டுக் கெங்கம்மாளிடம் போனேன். அந்த அம்மாள் வீட்டில் ஒரு தையல் மிஷின் உண்டு.

"நான் டூட்டிக்குப் போனதும் ராணி இங்க வருதா?"

"வருது. ஜெபம் பண்ணுது."

"நீங்க மயிலம் முருகனுக்குக் காவடி எடுக்கறவங்க. உங்க வூட்ல என்னா ஜெபம்?"

"எந்தச் சாமியா இருந்தா என்னா? அமைதியா இருக்குதுன்னு வருது."

"அமைதியாவா? கடகடன்னு சத்தம் கேக்குதுன்னு எதிர்வூட்ல சொல்றாங்களே?"

"அது வேகமா ஜெபிக்கும், தம்பி."

எல்லாம் போய் என்னிடம் மிஞ்சியது ஒன்றே ஒன்று. மயில்கழுத்து நிறம். ஆடினால் நீலம், அசைந்தால் பச்சை. அது அப்போது இஸ்திரிக் கடையில் இருந்ததால் பிழைத்தது. அதைக் காப்பாற்ற ஒரே வழிதான். நானே போட்டுக்கொள்வது. காக்கியைக் கழற்றினால் மயில்கழுத்து. கடைத்தெருவுக்கு மயில்கழுத்து. நான் குளிக்கும்போது அது என் கண்ணெதிரே கொடியில் தொங்கும். ஊர் சிரித்தது. சிரித்தால் என்ன? துணி உடம்பில் இருக்கும்வரை எந்த எலியும் தொடமுடியாது.

அமல்ராணி கெஞ்சினாள். "தொவச்சிப் போடறேன், கழட்டுங்க."

"நானே தொவச்சிக்கறேன்."

"கீழ தையல் விட்டிருக்குது, தச்சித் தரேன்."

"விட்டிருக்கட்டும். ஏய், இத போட்டுக்கினுதான்டி உன்னப் பொண்ணு பாக்க வந்தேன். மறந்துட்டியா?"

"எப்படி மறப்பேன்? நான் அன்னைக்கு அந்தத் துணியத்தானே பாத்துக்கினு இருந்தேன். உங்க மூஞ்சிய கல்யாணத்தன்னைக்குத்தான் பாத்தேன்."

அதோடு விட்டுவிட்டாள். கேட்பதே இல்லை. மாறாக, "ஜம்முனு இருக்குதுங்க" என்றாள். எனக்குத் தூக்கம் போயிற்று.

ஞாயிறு வந்தது. சைக்கிளில் மாதா கோயிலுக்குக் கிளம்பினோம். நான் மயில்கழுத்தில். அவள் பின்னால் கேரியரில், மடியில் பெரிய கைப்பை.

"மெதுவா போனா நேரமாயிடும். ஜல்தி மிதிங்க" என்றாள்.

மிதித்தேன். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் வலது பாட்டம் காற்றில் பறந்தது. பறந்து போய்ச் செயினுக்குள் நுழைந்தது. நறுக். சைக்கிள் நின்றது. நான் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றேன். பூசைக்குப் போகிற ஊரெல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

"செயின் கவர் எங்கடி?"

"லடலடன்னு ஆடுச்சிங்க. நேத்து கழட்டி ரிப்பேருக்குக் குடுத்தேன். அசையாதீங்க, கெழிஞ்சிடப் போவுது."

கைப்பையைத் திறந்தாள். உள்ளே இருந்து ஜெபமாலை வந்தது. முக்காட்டுத் துணி வந்தது. பிறகு ஒரு பெரிய கத்திரிக்கோல் வந்தது.

"பூசைக்கு எதுக்குடி கத்திரிக்கோலு?"

"பேஜாரு பண்ணாதீங்க. மணி அடிச்சிட்டாங்க."

செயினில் மாட்டியது விளிம்பு. அவள் வெட்டியது முழங்கால். நூல் பிடித்தமாதிரி ஒரே சுற்று.

"ஏன்டி இவ்ளோ மேல?"

"கீழ வெட்டுனா பிசிறடிக்கும்ங்க."

பிறகு நிமிர்ந்து என்னை முன்னும் பின்னும் பார்த்தாள். கன்னத்தில் விரலை வைத்து யோசித்தாள். "ஒரு காலு நீட்டு, ஒரு காலு குட்டை. சாமி முன்னாடி இப்படியா நிப்பீங்க?" என்றாள். இடது காலையும் வெட்டினாள். இரண்டு துண்டையும் மடித்துக் கைப்பையில் வைத்தாள். நான் டவுசரோடு கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னால் நின்று பூசை கண்டேன். வீட்டுக்கு வரும்போது, "நல்லவேளை, நீ இருந்தே" என்று நன்றிகூடச் சொன்னேன். அதை நினைத்தால்தான் இன்றும் வயிறு எரிகிறது.

பதினைந்து நாள் கழித்துக் கூட்டேரிப்பட்டில் ஒரு கல்யாண கோஷ்டி ஏறியது. புதுப்பெண்ணின் கழுத்தில் மஞ்சள் காயாத தாலி. தோளில் இரண்டு பஃப் கை. ஆடினால் நீலம், அசைந்தால் பச்சை. மற்ற பெண்களெல்லாம் வாயைப் பிளந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டிக்கெட் கிழிக்க மறந்து நின்றேன்.

பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்கதானே ராணியக்கா வூட்டுக்காரரு? என் பேரு அம்சா. துணி கெடைக்குமோ கெடைக்காதோன்னு நான் ஒரே அழுகைண்ணே. அக்காதான் தைரியம் சொன்னாங்க: 'அழாத கண்ணு, ஞாயித்துக்கெழம பூசைக்கு சைக்கிள்ல வரும், வழியிலயே வெட்டிக்கறேன்'னு."