ராசியான ஜன்னல்

கணிப்பொறி வைத்துப் பிழைக்கும் எந்த அலுவலகத்திலும் இந்த இனத்தில் ஒருவராவது இருப்பார். கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டாம், காது போதும். பக்கத்து மேசையில் ஒரு புரோகிராம் குப்புற விழுந்ததும், நாற்காலியைத் திருப்பாமல், டீக் கோப்பையை உதட்டிலிருந்து எடுக்காமல், "என் மெஷின்ல ஓடுதே" என்று ஒரு குரல் வருகிறதா? அவரேதான்.

நம் ஆசாமிக்கு அலுவலகம் வைத்த பெயர் ஓடுதே சார். அவர் திரையின் மூலையில், கணிப்பொறிக்குக் கட்டளைகளைத் தட்டும் ஒரு கறுப்பு ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும். யாராவது அதன் பக்கம் கையைக் கொண்டுபோனால் பதறிவிடுவார். "அதை மட்டும் மூடிடாதீங்க. ராசியான ஜன்னல்." பெரிய படிப்புப் படித்தவர், ராசி பார்ப்பது கணிப்பொறிக்கு.

புதிதாகச் சேர்ந்த பெண் பொறியாளருக்கு வேலை நிரந்தரமாவது இவர் சொல்லும் ஒரு வார்த்தையில் இருந்தது. அந்தப் பெண்ணின் கணிப்பொறியில் புரோகிராம் எழுந்த வேகத்தில் படுத்துக்கொண்டது. எந்தப் புரோகிராமும் கண் விழித்ததும், "தகவல் எல்லாம் எந்த முகவரியில் இருக்கிறது?" என்று கேட்கும். அந்தப் பதிலைப் புரோகிராமுக்குள் எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு கணிப்பொறியின் காதிலும் தனித்தனியே ஓதி வைக்க வேண்டும். சூழல் மாறி என்று இதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் கணிப்பொறிக்கு யாரும் ஓதவில்லை.

"அந்த முகவரியை எங்க சார் குடுக்கணும்?"

"வழக்கமான இடத்துலதாம்மா."

"வழக்கமான இடம்னா?"

"இது கூடவா சொல்லித் தரணும்? அணைச்சுப் போட்டுப் பாரு."

அணைத்துப் போட்டாயிற்று. எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றியாயிற்று. மேசையை மாற்றி உட்கார்ந்தும் பார்த்தாயிற்று. பேய் ஓட்டுகிறவருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? அவர் கூலி வாங்குவார். இவர் சம்பளம் வாங்குகிறார். கடைசியில், நோய் தீராவிட்டால் நோயாளியின் மேல் பழி போடும் அந்தப் பழைய வித்தையும் வெளியே வந்தது. மேனேஜர் அம்மாவிடம் போய், "பொண்ணுக்குக் கவனம் பத்தலை மேடம். நிரந்தரம் பண்றதை யோசிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

"சாப்பிட்டு வந்து உங்க மெஷின்ல காட்டுங்க. பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்றார் மேனேஜர்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஓடுதே சார் மாதக்கணக்கில் தள்ளி வைத்திருந்த அப்டேட், ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கணிப்பொறியை ஒரு தரம் அணைத்து எழுப்பிவிட்டது. ராசியான ஜன்னல் போய்ச் சேர்ந்தது.

சாப்பிட்டு வந்ததும், மேனேஜரையும் அந்தப் பெண்ணையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஓடுதே சார் விசையைத் தட்டினார். புரோகிராம் எழுந்தது. படுத்தது. இன்னொரு தரம் தட்டினார். ஓங்கியும் தட்டினார். பிறகு கை தானாக அணைக்கும் பொத்தானைத் தேடிப் போயிற்று.

"இருங்க சார்," என்றார் அந்தப் பெண். "முகவரி இருக்கான்னு மெஷினையே கேட்டுடலாமே." ஒரே ஒரு வரி தட்டினார். பதிலாக வந்தது ஒரு வெற்று வரி.

"காலையில இருந்துச்சே!"

பல மாதங்களுக்கு முன் ஒரு நாள் அந்த ஜன்னலுக்குள் முகவரியைத் தட்டியது தாமேதான் என்பதும், ஜன்னல் மூடினால் அது மறந்துவிடும் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"உங்க மெஷின்ல காலையில இருந்துச்சு. சரி, இவங்க மெஷின்ல எப்ப இருந்துச்சு?" என்றார் மேனேஜர்.

ஓடுதே சார் தொண்டையைச் செருமினார். "சூழல் மாறிப் போச்சு மேடம்."

"அது தெரியுது. யாருக்குக் கவனம் பத்தலைன்னு சொன்னீங்க?"

அன்று மாலையே அந்தப் பெண்ணுக்கு வேலை நிரந்தரமாயிற்று. இனி வருகிறவர்களுக்காக முகவரி விவரத்தைத் தெளிவாக எழுதி ஒட்டும்படி ஓடுதே சாருக்கு உத்தரவு. எழுதி ஒட்டினார். இப்போதும் சுவரில் இருக்கிறது: ‘முகவரியை வழக்கமான இடத்தில் கொடுக்கவும்.’

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இன்று காலை குளியலறையிலிருந்து, "துண்டு எங்கே?" என்று வந்த குரலுக்கு என்ன பதில் சொன்னீர்கள்? "வைக்கிற இடத்துலதான் இருக்கும், கண்ணு தெரியலையா?" என்றுதானே?