டெல்லிக்கு இரண்டே முக்கால் மணி நேரம்

மதிப்புமிக்க மாமா பெருமாள்சாமி அவர்களுக்கு, அனுப்பர்பாளையம் கட்டிங் மாஸ்டர் வெள்ளியங்கிரி டெல்லியிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கு தங்கை ஜெயபாரதி வீட்டில் அனைவரும் நலம். அங்கு மடத்துக்குளத்தில் அக்காளும் கறவை மாடுகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் தாங்கள் நடுவில் புகுந்து கேள்வி கேட்பீர்கள் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

நேற்று ஞாயிறு, ஜெயபாரதியின் பாப்பா வேல்விழிக்குக் காதுகுத்து என்பது தாங்கள் அறிந்ததே. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறக்குமுன் தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டும். கம்பெனியிலோ சனிக்கிழமை சாயங்காலம் வரை ஷிப்மெண்ட் வேலை. ஆகவே மாப்பிள்ளை விமான டிக்கெட் போட்டு அனுப்பினார்.

மாமா, அது பிளேன் இல்லீங்க, கோயிலுங்க. வாசப்படியில கால் வெக்கறதுக்கு முந்தி என்னையறியாம செருப்பைக் கழட்டிட்டனுங்க. அங்க நின்ன பொண்ணு "போட்டுக்கோங்க சார்"ன்னு சொல்லித்தான் போட்டேன், அப்பவும் மனசு ஒப்பல. ஏழு அஞ்சுக்குக் கிளம்புச்சு. காதடைச்சுது, அப்புறம் ஜன்னல்ல பாக்கறேன், பனியன் வேஸ்ட்டு மூட்டையைப் பத்தாயிரம் பிரிச்சுக் கொட்டினாப்பல வெள்ளை வெளேர்ன்னு மேகம், அத்தனையும் நமக்குக் கீழ! மேகத்தோட முதுகை நம்ம வம்சத்துல யாராச்சும் பாத்திருக்காங்களா மாமா? பக்கத்து சீட்டு அம்மாகிட்ட "ஏனுங்க, இப்ப எந்த ஊருங்க?"ன்னேன். "போபால் தாண்டியிருக்கும்"ன்னாங்க. ஒரு காப்பி குடிச்சு, ஒருக்கா கண்ணசந்ததுக்குள்ள! கோயமுத்தூர்ல இருந்து டெல்லிக்கு ஆகாய வழியில ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டராமா. பத்துக்குப் பத்து நிமிசம் இருக்கையில எறங்கிட்டனுங்க.

ஏர்போர்ட்டுல இருந்து தங்கச்சி ஊட்டுக்குப் பதினெட்டே கிலோமீட்டர். அங்கதான் மாமா வந்துச்சு வினை. ஏதோ ஊர்வலமாம், ஒரு பாலத்துக்கிட்ட ரோட்டை மறிச்சுட்டாங்க. பத்தரை, பதினொண்ணு, பதினொண்ணேகால், டாக்ஸி நகரவேயில்லை. ஜெயபாரதி போன்ல அழுகறா. "அண்ணா, ஆசாரி கிளம்பணுங்கறாரு, வேற யாராச்சும் மடியில வெச்சுக் குத்திரலாங்கறாங்க, நான் பாப்பாவைக் குடுக்கவேயில்ல, எங்க இருக்கீங்க?" அரை இந்தியாவைத் தாண்டி வந்தவனுக்கு அந்த ஒரு பாலத்தைத் தாண்ட முடியலீங்க. நம்ம யூனிட்டு பீகார் பசங்ககிட்டக் கத்துக்கிட்ட "ஜல்தி, ஜல்தி"யை டிரைவர்கிட்ட நாப்பது தடவை சொல்லிப் பாத்தேன். கடைசியில கதவைத் தொறந்து எறங்கி, பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டி ஓடினனுங்க மாமா, மூணு கிலோமீட்டர்! ஊர்வலத்துக்காரங்க யாரோ தலைவர் வர்றாருன்னு நெனச்சு எனக்கு மாலை போட்டாங்க. கழட்ட நேரமேது? மாலையும் கழுத்துமா ஓடிப்போயி, பன்னெண்டுக்கு நாலு நிமிசம் இருக்கையில உக்காந்து மடியைக் காட்டினேன். பாப்பா மாலையில பூவைப் பிச்சுக்கிட்டே காதைக் குடுத்துருச்சு, அழுகவேயில்ல. அழுதது நாந்தானுங்க.

ஆகவே மாமா, இனி எனக்குப் பயணம் என்றால் ஆகாய வழிதான். தாங்களும் முட்டிவலியைச் சாக்குச் சொல்லாமல் ஒருமுறை ஏற வேண்டும். அக்காளுக்கு என் வணக்கமும், கன்றுக்குட்டிக்கு ஒரு தடவலும். மருதமலையான் துணை.

தங்கள் மச்சினன்,
வெள்ளியங்கிரி

பி.கு.: திரும்பி வர்ற பிளேன் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணி ரயிலுக்குப் போட்டுட்டனுங்க. பயமெல்லாம் இல்லீங்க. ஜெயபாரதியும் பாப்பாவும் லீவுக்கு எங்கூட வர்றாங்க. பிளேன்னா ரெண்டே முக்கா மணி நேரத்துல பாப்பாவை மடியை விட்டு எறக்கிரணும், ரயில்னா ரெண்டு நாள் வெச்சுக்கலாம். கம்பெனியில கேட்டாப் பிளேன் லேட்டுன்னு சொல்லீருங்க.