வீரபாகுவின் வேட்டி

“குதிர ஆணா, பொட்டையா?”

கோயில் தலைவர் பிச்சைமுத்து கேட்டதுதான் தாமதம், மகேந்திரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “சுத்த ஆம்பளண்ணே!” என்றான்.

அப்போதுதான் லாரியிலிருந்து இறங்கிய பாப்பா, ஒன்றும் அறியாதவள் போல வேலியோரப் புல்லை மேயப் போனாள். பத்துப் பன்னிரண்டு குட்டி போட்ட மகராசி. தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில் குட்டி போடுவதே அவள் உத்தியோகமாக இருந்தது. இப்போது வயதாகிவிட்டது, இனிச் சினை நிற்காது. “மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாரு. இல்லாட்டி ஊசி போட்டு முடிச்சிடலாம்” என்று முதலாளி சொல்லிவிட்டார். அவளுடைய ஒவ்வொரு பிரசவத்துக்கும் கூட இருந்து கண் விழித்தவன் மகேந்திரன். ஊசிக்கு விட்டுவிட அவனுக்கு மனம் வருமா?

இடம் பிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவன் நினைப்பு. முதலில் சாப்பாட்டுக் கடை அபுபக்கர், “கடைக்குப் பின்னால காலி நெலம்தானே, விடுலா” என்று பெருந்தன்மையாகச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த வாழை இலைக் கட்டுகளைப் பாப்பா மிச்சமில்லாமல் தின்றதும் அந்தப் பெருந்தன்மை போன இடம் தெரியவில்லை. குனோங் ராபாட்டில் தன் வரிசை வீட்டு வாசலிலேயே கட்டிப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள்.

மிச்சமிருந்தது இந்த முனீஸ்வரர் கோயில்தான். ரப்பர்த் தோட்டம் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டமாகி, ஆட்கள் ஈப்போவுக்குக் குடிபோன பிறகும், திருவிழாவுக்கு அத்தனை பேரும் இங்கே கூடிவிடுவார்கள். நல்ல நிழல், புல், தண்ணீர். முனிக்குப் பக்கத்தில் ஒற்றையாக ஒரு சிமெண்டுக் குதிரை நின்றது. சாமிக் குதிரை என்றால் ஆணாகத்தானே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அப்படி அடித்துவிட்டான்.

“ஆம்பளையா...” பிச்சைமுத்துவின் முகம் தொங்கிப்போனது. மனைவி செல்லாயியைப் பார்த்தார். “சரி, திருவிழா வரைக்கும் நிக்கட்டும். கமிட்டில பேசிச் சொல்றேன்.”

நம்பவில்லை போலிருக்கிறது என்று மகேந்திரனுக்குத் தோன்றியது. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவன்? மறுநாளே பாப்பாவின் பின்புறத்தை மறைத்து ஒரு ஜரிகை வேட்டியைக் கட்டிவிட்டான்.

“இது எதுக்குப்பா?”

“சாமி எடத்துல ஆம்பள வெத்து ஒடம்போட நிக்கலாமாண்ணே?”

பிச்சைமுத்து பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்தார்.

வேட்டி போதாது என்று பெயரையும் வீரபாகு என்று மாற்றினான். செல்லாயி கேரட்டை நீட்டி, “வீரபாகு! வீரபாகு!” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பாப்பா காதைக்கூட அசைக்கவில்லை.

“செவிடாப்பா?”

“திமிருக்கா! ஆம்பளத் திமிரு! பண்ணையில இன்னொரு குதிர பக்கத்துல வர முடியாது. கடிச்சே தொரத்திடும்!”

“அலாமாக்!” என்று செல்லாயி நெற்றியில் அடித்துக்கொண்டாள். கேரட்டைத் திரும்ப மடியிலேயே போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

திருவிழாவுக்கு முதல் நாள் காலையில் பிச்சைமுத்து வந்தார்.

“தம்பி, கோவிச்சுக்காத. குதிர நல்ல குதிரதான். ஆனா நமக்குத் தோதுப்படாது. திருவிழா முடிஞ்சதும் லோரி கொண்டாந்துரு.”

“ஏண்ணே? என்ன கொற?”

“அது கோயில் விஷயம்லா. அமையிற வரைக்கும் வெளிய மூச்சு விடக்கூடாது.”

அவர் போனதும் மகேந்திரன் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். இனிப் போக இடமில்லை, ஊசிதான். பாப்பா வந்து அவன் தோளில் தாடையை வைத்தாள். அவனுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. குழாயடியில் பொங்கல் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்த செல்லாயி திகைத்துப்போய்ப் பார்த்தாள்.

“அக்கா, நான் சொன்னது அத்தனையும் பொய்க்கா!” மகேந்திரன் எழுந்து வேட்டியை அவிழ்த்தே விட்டான். “இது பொட்ட. பேரு பாப்பா. ஈ எறும்பக்கூடக் கடிக்காது. பத்துப் பன்னண்டு குட்டி போட்டு ஓஞ்சுபோன சீவன். இத எங்கக்கா கொண்டுபோய் விடுவேன்?”

செல்லாயி குனிந்து பார்த்தாள். அண்டா கை நழுவி உருண்டது.

“அட படுபாவி, நம்ம சிமெண்டுக் குதிரைக்குக் கட்டி வைக்க ஒரு பொண்ணு வேணும்னுதானே வருஷக்கணக்கா தேடிக்கிட்டு இருக்கோம்! மருமகள இனி யாரு வெளிய விடப்போறா? புள்ளகுட்டி இருந்தா என்னப்பா, எங்க வீட்டுக்காரரக் கட்டிக்கிறப்ப எனக்கே மூணு!”