வேகாத ஜவ்வரிசி

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருள் பழுதானாலும், ஏன் பழுதானது என்று தெரிவதற்கு முன்பே அதைக் கழற்றிவிடுவேன். இப்படி எங்கள் வீட்டில் போனவை கடிகாரம் இரண்டு, ரேடியோ ஒன்று, அப்பாவின் மொபெட் பாதி (மீதிப் பாதி இன்னும் ஓடுகிறது, எப்படி என்று கேட்காதீர்கள்). ஆனால் அக்காவின் கல்யாணத்தையே கழற்றிப்போடப் பார்த்தது ஒரே ஒரு முறைதான்.

எண்பதுகளின் கடைசி. அப்பா ஏற்காட்டில், தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். நான் சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகத்தைத் திறந்தேனோ இல்லையோ, பழைய புத்தகக் கடையில் வாங்கிய வெளிநாட்டு மோட்டார் பத்திரிகைகளைக் கரைத்துக் குடித்திருந்தேன். உலகத்தில் ஒரு வண்டி நின்றுபோனால், அதை நான் இன்னும் தொடாததுதான் காரணம் என்று மனதார நம்பினேன்.

அன்று செல்வி அக்காவைப் பெண் பார்க்க சுந்தரம் என்பவர் வந்தார். அவருடைய போட்டோ ஏற்கெனவே அக்காவின் அகராதிக்குள் குடியேறியிருந்தது. தாய் தகப்பன் இல்லாத அவருக்கு எல்லாமே தாய்மாமன்தான். அந்த மாமன் "சரி" என்றால் கல்யாணம். "கடுதாசி போடறோம்" என்றால் கதை முடிந்தது. முன்பு வந்த இரண்டு இடமும் கடுதாசி போடுவதாகச் சொல்லித்தான் போயிருந்தார்கள். தபால்காரரைக் கண்டாலே அம்மா உள்ளே போய்விடுவாள்.

அந்தத் தாய்மாமன் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, கப்பலில் கொண்டுவந்த பைக்கில் மாப்பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து வந்து இறங்கினார். பைக்கா அது! சோபாவுக்குச் சக்கரம் வைத்து, இரண்டு பக்கமும் பெட்டி கட்டியது போல இருந்தது. ஆனால் பின்பக்கம் மட்டும் எருமை படுத்த மாதிரி தாழ்ந்து கிடந்தது.

"ஏனுங்க, பின்னாடி இப்படி உக்காந்துருச்சு?" என்றார் அப்பா.

"அதையேன் கேக்கறீங்க. பின்னாடி பாரத்தைக் காத்துதானுங்க தாங்குது. சுவிட்சை அமுக்குனா குட்டி கம்ப்ரசர் ஒண்ணு கிர்ருன்னு காத்து ஏத்தும். இன்னைக்கு மூச்சே உடமாட்டேங்குது. ஏறறப்பவே வளைவுக்கு வளைவு அடி தேச்சுது. இப்படியே இருபது வளைவும் எறங்குனா அடியில ஒண்ணும் மிஞ்சாதுங்க."

வந்தது பெண் பார்க்க. ஆனால் தாய்மாமன் பார்த்துக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகப் பைக்கை. அக்கா குனிந்த தலையோடு இரண்டு முறை வந்து போனதுகூட அவர் கண்ணில் படவில்லை.

"நான் பாக்கறேனுங்க மாமா!" என்று குதித்தேன். (சம்பந்தமே முடிவாகவில்லை, அதற்குள் மாமா! அம்மா முறைத்த முறைப்பில் பால் திரிந்திருக்க வேண்டும்.)

"உனக்குத் தெரியுமா சாமி?"

"பத்திரிகைல படிச்சிருக்கேனுங்க."

"படிச்ச புள்ள. பாரு கண்ணு."

அம்மா என் காதுக்குள் சீறினாள். "பாயசத்துக்கு ஜவ்வரிசி வறுக்கச் சொன்னேனில்ல?"

"ரெண்டையும் பாக்கறேம்மா."

வினை அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருந்தது.

கம்ப்ரசரோடு ஒரு சின்னக் குப்பி இருந்தது. அதற்குள் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிற வெள்ளை மணிகள். மணி நனைந்தால் காற்று அடைக்கும், வறுத்துப் போட்டால் சரியாகும் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். ஏற்காட்டு மூடுபனியில் எதுதான் நனையாது? (மோட்டாரே சத்தம் போடாதபோது மணியைக் குறை சொன்னது, பல்பு எரியவில்லை என்று ஜன்னல் திரையைத் துவைத்த மாதிரி. இது இப்போது தெரிகிறது.) குப்பியைக் கழற்றி மணிகளை ஒரு வாணலியில் கொட்டி, பக்கத்து அடுப்பில் ஜவ்வரிசி வாணலியையும் வைத்து, இரண்டு கையாலும் வறுத்தேன். ஈர விறகு. கண்ணெல்லாம் புகை. ஒரு வாணலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

குப்பியை நிரப்பி, மூடி, சுவிட்சை அமுக்கினேன். சத்தமே இல்லை.

சத்தம் சமையலறையிலிருந்து வந்தது. பட்! பட் பட்!

"சேலத்துச் சரக்குன்னு நம்பி வாங்குனேன், பாவி கல்லைக் கலந்துட்டானே! எவ்வளவு கொதிச்சாலும் வேகமாட்டேங்குது!" என்று அம்மா புலம்பினாள். ஆனால் வந்தவர்களை எவ்வளவு நேரம்தான் காக்கவைப்பது? சேமியாவாவது வெந்ததே என்று அப்படியே டம்ளர்களில் ஊற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டாள்.

நான் உள்ளே வந்தபோது சுந்தரம் முதல் கரண்டியை வாயில் வைத்தார்.

நறுக்.

"நொம்ப நல்லாருக்குங்க" என்றார், கண்ணில் தண்ணீரோடு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "திங்காதீங்க! அது வண்டியோடது!"

தாய்மாமன் தன் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "அப்ப வண்டிக்குள்ள இருக்கறது?"

"ஜவ்வரிசிங்க."

அதுவரை தலையே நிமிராத அக்கா 'புர்ர்' என்று சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சுந்தரம் வாயிலிருந்ததைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு அவரும் சிரித்தார். தாய்மாமன் மட்டும் எழுந்தார்.

"கடுதாசி போடறோமுங்க."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. நான் பூமிக்குள் போக இடம் தேடிக்கொண்டே அவர் பின்னால் வாசலுக்குப் போனேன். கூடவே வந்த சுந்தரம் சாதாரணமாகக் கேட்டார். "ஏனுங்க, மொதல்ல ஃபியூஸ் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை.

அவர் ஒரு சின்ன மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு ஃபியூஸ் கருகிக் கிடந்தது. மாற்று ஃபியூஸ் அந்த மூடிக்குள்ளேயே இருந்தது. ஜவ்வரிசியைக் கொட்டிவிட்டு, ஃபியூஸை மாற்றி, சுவிட்சை அமுக்கினார். கிர்ர்ர்ர். படுத்த எருமை மெல்ல எழுந்து நின்றது.

தாய்மாமன் நிமிர்ந்தார். ஜன்னலில் அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தாள். சுந்தரம் பைக்கைப் பார்க்கவில்லை, அந்த ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழெட்டு எடத்துக்கு இவனைக் கூட்டிட்டுப் போனேனுங்க. பொண்ணு ஊட்டுல இவன் சிரிச்சு இன்னைக்குத்தான் பாக்கறேன். கடுதாசி எதுக்கு? நாள் பாருங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கரண்ட் போனாலும், தோசை கருகினாலும், பிள்ளைகள் கணக்கில் தோற்றாலும் ஒரே கேள்விதான்: "ஃபியூஸ் பாத்தியா?"

நான்கு வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா பிடிவாதமாக அதே பாயசம்தான் வைத்தாள். வந்தவர்கள் டம்ளரைக் கையில் எடுத்ததும் சுந்தரம் மாமா, "ஒரு நிமிசமுங்க" என்று கையைக் காட்டினார். ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, எல்லோரும் பார்க்க நிதானமாக மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"குடிக்கலாமுங்க. இது ஊட்டோடதுதான்."