பனிச்சங்காய்ச் சாறு குடித்த ஜெபப் புத்தகம்

புத்தகம் தேர்ந்தெடுக்கத் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்று ஒரு கட்டளை இருந்திருந்தால், நான் இன்றைக்கும் தனியாகத்தான் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருப்பேன். நல்ல வேளை, கோட்டையில் கொடியேற்றி உட்கார்ந்திருக்கும் ஒல்லாந்து துரைமார் எது எதற்கோ கட்டளை போட்டார்கள், அதற்கு மட்டும் போடவில்லை.

என் பெயர் அருளப்பன். பழவேற்காட்டுக் கோட்டைக்குப் பின்னால் வலை முடைகிற குடும்பத்தில் பிறந்தவன். ஒல்லாந்தர் கோவிலை ஒட்டிய பள்ளியில் மணலிலும் பனையோலையிலும் எழுதிப் பழகி, தமிழ் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் தெருவில் ஒருவனுக்குத் தலைக்கனம் பிடிக்க அது போதும். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதை நின்று நிதானமாகப் படித்து, புருவத்தைச் சுருக்கிவிட்டுப் போவேன். (அது ஒல்லாந்து எழுத்து. எனக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது.)

இந்தத் தலைக்கனம்தான் என்னைத் தோணிரேவு ஊர் மாசிலாமணியின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. அவர் ஏரியில் இறால் பிடிக்கிறவர். சொந்தப் படகு வைத்திருந்தார். குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டில் யாருக்கும் எழுத்து வாசனை கிடையாது. அவருடைய ஒரே மகள் ஞானப்பூவைக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் பார்த்துவிட்டு, நான் பாட்டின் நடுவில் தவறான இடத்தில் 'ஆமென்' சொன்னேன். அவள் சிரித்தாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

பெண் கேட்டுப் போனபோது மாசிலாமணி சுற்றி வளைக்கவில்லை.

"சுண்ணாம்புக்குளத்துப் பையன் ஒருத்தன் கேட்டுகினு கீறான். அவனுக்குப் படகு கீது. உனுக்கு இன்னா கீது?"

"எனக்கு வாசிக்கத் தெரியும் மாமா."

அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். "எங்க வூட்டுல சாயங்காலமானா வேதம் பேசணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. நீயே ஒரு நல்ல பொஸ்தவமா பாத்து எடுத்துகினு வா. மூணு நாளு வந்து படி. கேட்டுட்டு சொல்றேன்."

அதாவது என் கல்யாணம் ஒரு புத்தகத்தின் மேல் நின்றது.

அந்த வாரமே, ஊர் ஊராகப் போய் வேதம் சொல்லித் தரும் உபதேசியார் தெற்கேயிருந்து மரப்பெட்டியோடு வந்து சேர்ந்தார். தமிழில் அச்சடித்த காகிதப் புத்தகங்கள். அதுவரை நான் காகிதத்தைத் தொட்டதில்லை. உபதேசியார் கேள்வியும் பதிலுமாக இருந்த ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "புதுசா விசுவாசத்துக்கு வந்த குடும்பம். தினம் ஒரு கேள்வி, ஒரு பதில். இதுவே போதும்" என்றார்.

எனக்கு அது பொடி மீனாகத் தெரிந்தது. மாசிலாமணி மாதிரி ஆளின் முன்னால் உள்ளங்கை அளவுப் புத்தகத்தைக் கொண்டுபோய் வைத்தால் என்ன நினைப்பார்? பெட்டியில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கி, கையில் ஏந்தி எடை பார்த்தேன். மீன் வாங்குகிறவன் செவுளைத் திறந்து பார்ப்பது போல அட்டையைத் திறந்து பார்த்தேன். (முகர்ந்தும் பார்த்தேன். உபதேசியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.) கடைசியில் இருப்பதிலேயே பருமனான ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வாழ்க்கையின் எல்லாச் சமயங்களுக்குமான ஜெபங்களும் தியானங்களும் அதில் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய்கிற தோரணையில் நடுவில் எங்கேயோ பிரித்து, 'ம்' என்று தலையாட்டி, அடையாளத்துக்கு எண்ணெய் தடவிய அகலமான ஓலை ஒன்றை வைத்து மூடினேன். அந்தப் பக்கத்தில் ஒரு வரியைக்கூட நான் படிக்கவில்லை.

"பத்திரம்பா. இந்த ஊர் உப்புக் காற்று காகிதத்துக்கு ஆகாது" என்றார் உபதேசியார்.

"காகிதத்தை எதில் செய்கிறார்கள் ஐயா?"

"சீமையில் பழந்துணியை ஊறவைத்து அரைத்துச் செய்கிறார்களாம்."

அவர் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பழந்துணி என்றால் பருத்தி. எங்கள் வலையும் பருத்தி நூல்தான். பருத்தி நூலை உப்புத் தண்ணீர் அரிக்காமல் இருக்க என்ன செய்கிறோம்? பனிச்சங்காயை இடித்துச் சாறெடுத்து, அதில் வலையை முக்கிக் காயவைக்கிறோம். வலை கறுத்து, இறுகி, வருஷக்கணக்கில் உழைக்கிறது. வலைக்கு நல்லது காகிதத்துக்கு மட்டும் எப்படிக் கெட்டதாகும்? இந்தச் சின்ன விஷயம் சீமையில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு அவர்கள் மேல் பரிதாபமே வந்தது.

அப்பா அன்றைக்கு வலைக்குச் சாறு கரைத்து வைத்திருந்தார். அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் புத்தகத்தை மூன்று முறை முக்கி எடுத்தேன். பிறகு வலை உலர்த்தும் கம்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். திரும்பி வந்த அப்பா அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாடா, கருவாட்டுக்குக் காவலா செத்த காக்காவைத் தொங்கவுட்டுகிறே?"

"வேதப் பொஸ்தவம் நைனா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுத்துப் படித்த பிள்ளை, காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பார். வலையை முக்கப் போய்விட்டார்.

இரண்டு நாள் வெயிலில் புத்தகம் நன்றாகவே காய்ந்தது. கருங்காலிப் பலகை போல ஆகியிருந்தது. எறிந்தால் ஆள் விழுவான். திறக்கத்தான் முடியவில்லை. நகத்தால் நெம்பினேன், மீன் அறுக்கிற கத்தியைச் செருகினேன், ஒன்றும் அசையவில்லை. ஓலை வைத்திருந்த இடம் மட்டும் 'சடக்' என்று பிளந்துகொண்டது. எதிரெதிராக இரண்டு பக்கங்கள். நல்ல தெளிவான எழுத்து. அப்போதுதான் முதன்முறையாகத் தலைப்பைப் படித்தேன்.

'மரணப் படுக்கையில் இருப்பவரை ஆயத்தம் செய்தல்.'

அன்று சாயங்காலம்தான் முதல் வாசிப்பு.

மாசிலாமணி நண்டுக் குழம்பு ஊற்றித் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சாராள் அத்தை. கதவருகே ஞானப்பூ. நான் விளக்கருகே உட்கார்ந்தேன். தெரிந்த ஜெபம் எதையாவது ஒப்பித்துச் சமாளிக்கலாம் என்றால், பயத்தில் பரமண்டல ஜெபமே பாதியில் நின்றுபோனது. வேறு வழியில்லாமல் வாசித்தேன்.

"சகோதரனே, உன் நாழிகை நெருங்கிவிட்டது. உன் கைகள் தளர்கின்றன, உன் கண்கள் மங்குகின்றன. உன் வீட்டார் உன்னைச் சுற்றி நிற்கிறார்கள்…"

மாசிலாமணி தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இன்னா தம்பி, வெளக்கு வெச்ச நேரத்துல இப்படிப் படிக்கிறே?" என்றாள் அத்தை.

"பொஸ்தவம் சொல்லுது. நீ கம்முனு கெட" என்றார் அவர். குரலில் பழைய உறுதி இல்லை.

மறுநாளும் அதே இரண்டு பக்கங்கள். 'நேற்று அவசரத்தில் வாசித்தேன், இன்று நிதானமாக' என்று ஒரு முன்னுரை வேறு போட்டேன். மாசிலாமணி அன்று சரியாகச் சாப்பிடவில்லை. விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வந்த ஞானப்பூ, குனிந்த தலை நிமிராமல் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"நீ பக்கத்தத் திருப்பவே மாட்டேன்றே. நாளைக்கும் எங்க நைனாதான் சாவணுமா?"

அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. இதைவிட நல்ல வார்த்தைகளை நான் எதிர்பார்த்திருந்தேன்.

மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போனபோது மாசிலாமணி இல்லை. அத்தை வாசலில் நின்று ஏரியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"ராத்திரி பூரா தூங்கல. காலையில படகெடுத்துகினு தனியாப் போனாரு. எங்கன்னு சொல்லல. வாடைக்காத்து வேற ஏறிகினு கீது. இன்னாத்தப் படிச்சேடா எம் புருசன்கிட்ட?"

வடக்கே ஏரி கறுத்திருந்தது. ஞானப்பூ என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கித் திறக்கப் பார்த்தாள். வரவில்லை. முகர்ந்தாள். வலைக்காரர் வீடுகளில் அந்த வாசனை தெரியாதவர்கள் கிடையாது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே சேற்றுக்குள் இறங்கிப் போயிருக்கலாம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

நான் தண்ணீர் ஓரத்துக்குப் போய் முழங்கால் போட்டேன். என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதன்முறையாக மனப்பாடமில்லாமல் ஜெபித்தேன். "ஆண்டவரே, அந்த மனுசனை உயிரோடு கொண்டுவந்து சேர்த்துடும். எனக்குப் பொண்ணுகூட வேணாம்" என்றேன். மனதார, அழுதுகொண்டே சொன்னேன். (எழுந்திருக்கும்போது, 'கொடுத்தால் வேண்டாமென்று சொல்ல மாட்டேன்' என்றும் சேர்த்துக்கொண்டேன்.)

இருட்டுகிற நேரத்தில் படகு தெரிந்தது. உள்ளே இரண்டு தலைகள். கரை நெருங்க நெருங்கச் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாசிலாமணியும், கூடவே அவர் தம்பி எத்திராசும்.

இந்தத் தம்பியைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். சில வருஷங்களுக்கு முன் தம்பியின் பாடு நாளில் முகத்துவாரத்தில் மாசிலாமணி வலையை இறக்கிவிட்டார். தம்பி ஊரையே விட்டுச் சுண்ணாம்புக்குளம் பக்கம் போய்விட்டார். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

அத்தை தண்ணீருக்குள்ளேயே ஓடிப் போய்ப் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

"'உன்னோடு பேசாதிருப்பவன் எவனோ, அவனிடம் நீயே முதலில் போ'ன்னு பையன் ரெண்டு நாளா படிக்கிறான். வேற ஒண்ணுமே படிக்க மாட்டேன்றான். சர்த்தான், நமக்குத்தான் சேதி வந்துகீதுன்னு கெளம்பிட்டேன்" என்றார் மாசிலாமணி. பிறகு ஈரம் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். "என் தம்பியும் கேக்கட்டும். அடுத்த பக்கம் படிடா."

நான் ஞானப்பூவைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

"அடுத்த பக்கம் வராது மாமா."

புத்தகம் அவர் கைக்குப் போனது. நெம்பினார், தட்டினார், மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது.

"எத்தினி முக்கு முக்குனே?"

"மூணு."

"வலைக்கே ரெண்டு போதுமேடா!"

எத்திராசு அப்படியே பின்னால் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார். அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மாசிலாமணி மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தை மடியில் வைத்து வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். 

"ஒரு பக்கத்துக்கே நான் இந்தப் பாடு பட்டேன்" என்றார் கடைசியில். "பொஸ்தவம் முழுசும் தொறந்திருந்தா இன்னா ஆயிருப்பேன்! பொண்ணக் கட்டிக்கோ. ஆனா பொஸ்தவத்த அவ வெச்சிக்கட்டும். உன் கையில குடுக்கக் கூடாது."

அப்பாடா என்று நான் விட்ட மூச்சில் விளக்கு அணைந்துவிட்டதாக எத்திராசு கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். (காற்றில் அணைந்தது.)

கல்யாணத்துக்கு உபதேசியார் அந்தச் சின்னக் கேள்வி பதில் புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தார், என்னிடம் அல்ல, ஞானப்பூவிடம். தினம் ஒரு கேள்வியாக நான் வாசிக்க, அவள் கூடவே எழுத்துக் கற்றுக்கொண்டாள். அந்தப் புத்தகத்தையும், அதற்குப் பின் வாங்கிய புத்தகங்களையும் உப்புக் காற்றும் கறையானும் தின்று தீர்த்துவிட்டன. பனிச்சங்காய் குடித்தது மட்டும் இன்றைக்கும் பூச்சி அண்டாமல் கிண்ணென்று இருக்கிறது. என் யோசனையில் தப்பில்லை என்று நான் சொல்வதை வீட்டில் யாரும் கேட்பதில்லை.

வருஷா வருஷம் பாடு பிரிக்கச் சீட்டுக் குலுக்குகிற நாளின் முந்தைய சாயங்காலம் குடும்பம் மொத்தமும் கூடும். நான் அந்த இரண்டு பக்கங்களை வாசிப்பேன். முடிந்ததும் பேரப் பிள்ளைகளில் ஒன்று எழுந்து, "தாத்தா, இந்த வருசம் யாரு சாவணும்?" என்று கேட்கும். யார் யாரோடு பேசாமல் இருக்கிறார்களோ அவர்களைப் பார்த்து எல்லோரும் கைநீட்டிச் சிரிப்பார்கள். அவர்களும் சிரித்துக்கொண்டே எழுந்து போய்ச் சமாதானம் ஆவார்கள்.

இந்த வருஷம் கேள்வி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. என் பிள்ளைகள் இருவரும் படகு விஷயமாக முட்டிக்கொண்டு, மழைக்காலத்திலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஞானப்பூ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. சின்னவன் எழுந்தான்.

"நான்தான்."

"ஒக்காருடா" என்றான் பெரியவன். "நான் உனுக்கு மூத்தவன். சாவுறதுலகூட முந்திக்குவியா நீ?"

மாதக்கணக்கில் பேசாதிருந்த தம்பியிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது. வீடே சிரிப்பில் அதிர்ந்தது. ஞானப்பூ கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழம்பு ஆறுகிறது என்று எல்லோரையும் சாப்பிட விரட்டினாள். நான் புத்தகத்தை மூடினேன். (மூடுவதற்கு அதில் அதிகம் கிடையாது.)